பின்அறையில் பதினோரு குஞ்சுகள்

பிப்ரவரி 5, திங்கள்

அறுபத்தொரு வயசில் இன்னிக்கு முதல் தடவையா ஒரு கோழிக்குஞ்சோட பின்பக்கத்தைக் கழுவினேன். எழுதவே கை கூசுது. ஆனா எழுதாம படுத்தா தூக்கம் வராது.

மருமகள் கோகிலவாணி நேத்து சாயங்காலம் கோயமுத்தூர் போயிட்டாள். அவங்க அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன். போறவள் சும்மா போகாம பின்அறையில் பதினோரு குஞ்சை என் தலையில் கட்டிட்டுப் போயிருக்கிறாள். சாதாரணக் கோழி கூட இல்லை, பேண்டம்னு பேராம். வளர்ந்தாலும் புறா அளவுதான் இருக்குமாம். முட்டைக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது, அழகுக்கு வளக்கறதாம். தாய்க்கோழியைப் போன வாரம் கீரி பிடிச்சுட்டுப் போயிருச்சு. அதனால ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே உமி, மேலே தொங்கற அறுபது வாட் பல்பு. அதுதான் இப்போ அதுங்களுக்கு அம்மா.

ஃபிரிட்ஜ் மேல ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒட்டிக்கிட்டுக் கிடந்தா குளிருதுன்னு அர்த்தம், மூலையில் ஒதுங்கினா சூடு அதிகம், பல்பை ஏத்திக் கட்டணும். தண்ணித் தட்டில் கூழாங்கல் போடணும், இல்லேன்னா விழுந்து செத்துரும். தினமும் ஒவ்வொண்ணாத் தூக்கிப் பின்பக்கம் பார்க்கணும். எச்சம் காய்ஞ்சு அடைச்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில் பஞ்சை நனைச்சு ஊற வெச்சு எடுக்கணும், பிய்க்கக் கூடாது. பூனை வரும், கதவு சாத்தியே இருக்கணும்.

மூணு குஞ்சுக்கு அடைச்சிருந்துச்சு. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்து எடுத்தேன். ஊறினதும் உள்ளே இருந்தது மொத்தமா என் விரலில் வந்துச்சு. கண்றாவி. ரெண்டு தடவை குளிச்சேன், இன்னும் நகக்கண்ணில் அந்த நாத்தம் இருக்கிற மாதிரியே இருக்கு.

மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். பையன் நவநீதன் பெட்டியைக் காரில் வெச்சுக்கிட்டே, "அம்மா, வேற வீடு பாத்து வெச்சிருக்கேன்னு பொங்கலுக்கே சொன்னேன். இந்தக் குஞ்சுகளை நீ நல்லபடியா வெச்சிருந்தீன்னா அவ இங்க வருவா. இல்லேன்னா ஆஸ்பத்திரியில் இருந்து நேரா அங்கதான்" அப்படின்னான். பெத்தவளுக்குக் கோழிக்குஞ்சை வெச்சுப் பரீட்சை. என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். அதனால கழுவறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வீடு பூரா கோழி வாடை. பூஜை அறை வரைக்கும் வருது. செவ்வாயும் வெள்ளியும் வீடு கழுவறது இந்த வீட்டுக்கு நான் வந்த நாளில் இருந்து நடக்கிறது. இன்னிக்குப் பின்அறைக்கு ரெண்டு மூடி பினாயில் சேர்த்து ஊத்தித் துடைச்சேன். சாயங்காலம் விளக்கு வெச்சு, சிரட்டைக் கரி மூட்டி, தூபக்காலில் சாம்பிராணி அள்ளிப் போட்டேன். பின்அறையிலும் பெட்டியைச் சுத்தி மூணு சுத்து சுத்தினேன். அப்புறம் அவள் சொன்ன மாதிரிக் கதவைச் சாத்தினேன். அப்பாடா, மூச்சு விட முடிஞ்சுச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி எட்டிப் பார்த்தேன். ஒண்ணு தும்முது. கோழி தும்முங்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 7, புதன்

கோகிலா போன் பண்ணினாள். ரெண்டு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உப்பிப்போய் நிக்குதுன்னு சொன்னேன்.

"சத்து பத்தலையாட்ட இருக்குதுங்கத்தை. தீவனக் குருணை அதுங்க வாய்க்குப் பெருசு. மிக்ஸியில் ஒரு சுத்து விட்டு ரவையாட்டப் பண்ணிப் போடுங்க. அப்புறம்..." ன்னு இழுத்தாள்.

"சொல்லு."

"முட்டை வேக வெச்சு மஞ்சக்கரு மட்டும் உதிர்த்துக் குடுத்தா தெம்பு வருங்கத்தை. உங்களால முடியாதுன்னா வேண்டாம்."

இந்தச் சமையக்கட்டில் முட்டை நுழைஞ்சதே இல்லை. என் மாமியார் காலத்தில் முட்டை வித்துக்கிட்டு வர்றவள் எங்க வாசல்ல நின்னு கூவக்கூட மாட்டாள். கோழிக்கே கோழிமுட்டையைக் குடுக்கிறதாம். நவநீதன் ஆறு முட்டை வாங்கிட்டு வந்து மேடை மேல வெச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே ஷிப்டுக்குப் போயிட்டான். பழைய பால் குண்டான் ஒண்ணை அதுக்குன்னு ஒதுக்கி, ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சு வேக வெச்சேன். அந்த வாடை இருக்கே, சாமி. தோலை உரிச்சது கரண்டியால. மஞ்சக்கருவைத் தொட வேற வழி இல்லை, விரலால்தான் உதிர்க்கணும்.

ஆனா தின்னுச்சுங்க. கால்மேல கால் ஏறி அடிச்சுக்கிட்டுத் தின்னுச்சுங்க. முதுகில் கரும்புள்ளி இருக்கிற ஒண்ணு என் விரல் நுனியையே கொத்துது, மூடத்தனமா.

பிப்ரவரி 8, வியாழன்

ஒண்ணு செத்துப்போச்சு. முறத்தில் அள்ளி வேப்பமரத்தடியில் புதைச்சேன். பத்து.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசையும் வெள்ளியும் சேர்ந்து வந்திருக்கு. காலையில் என் வீட்டுக்காரருக்குப் படையல், சாயங்காலம் வழக்கமான பூஜை, ரெண்டு நேரமும் சாம்பிராணி. வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கு, கோழிதான்னாலும் சாவு சாவுதானே, அதனால பின்அறைக்குக் கூடவே போட்டேன். பெட்டியே தெரியாத அளவுக்குப் புகை. சுத்தமாச்சுன்னு ஒரு நிம்மதி.

போன வருஷமெல்லாம் இந்தப் பூஜை நேரத்தில் கோகிலா முந்தானையை வாயில் அடைச்சுக்கிட்டு எழுந்து கொல்லைக்குப் போயிடுவாள். கோழிக்கூண்டுகிட்டப் போய் நின்னுக்குவாள். அங்கிருந்து இருமல் சத்தம் கேக்கும். எங்க சாமி முன்னாடி நிக்க அவளுக்கு அவ்வளவு இளக்காரம். வாய்விட்டுச் சொல்ல முடியாம இருமிக் காட்டுவாள். நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பிப்ரவரி 10, சனி

மூணு ஒரே ராத்திரியில். கால் விறைச்சு, வாய் பிளந்து கிடந்துச்சுங்க. மீதியில் நாலு மூக்கில் சளி வழிய கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு விடுது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கறகறன்னு ஒரு சத்தம்.

ஒரு கூடையில் துணி விரிச்சு ஏழு குஞ்சையும் போட்டுக்கிட்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவள், மடியில் கோழிக்கூடை. வழியில் பாத்த ரெண்டு பேர் "என்னங்கம்மா, கோழி வளக்கறீங்களா" ன்னு கேட்டாங்க. கூடையை முந்தானையால் மூடினேன். ஒரு குஞ்சு சேலை மேலயே பச்சையாப் போய் வெச்சுது.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. கையில் தூக்கிக் காதுகிட்ட வெச்சுக் கேட்டாள். "வயித்துக் கோளாறு கொஞ்சம் இருக்குது, அதுக்கு மருந்து தர்றேன். ஆனா இது முக்கியமா மூச்சுங்க. அறையில் காத்தோட்டம் இருக்குதுங்களா? புகை, பினாயில், கொசுவர்த்தி ஏதாச்சும்? இந்த வயசுல குஞ்சுகளுக்கு நுரையீரல் ரொம்ப மென்மையா இருக்கும்."

"புகை எல்லாம் எங்க வீட்டில் கிடையாதும்மா. கேஸ் அடுப்புதான். கொசுவர்த்தி கூட வெக்கறதில்லை" ன்னேன். பினாயில் யார் வீட்டில்தான் இல்லை, அதை எதுக்குச் சொல்றது.

தண்ணியில் கலக்கற மருந்து ஒண்ணு, வைட்டமின் சொட்டு மருந்து ஒண்ணு. தண்ணி குடிக்காததுக்குத் துளி வெல்லம் கரைச்சு அலகு ஓரமா ஒவ்வொரு சொட்டா விடணும், ஊத்தினா புரையேறிச் செத்துரும்னாள். ரெண்டு மணிக்கொரு தடவை. எனக்கு என்ன வேற வேலை.

பிப்ரவரி 12, திங்கள்

தினமும் பெட்டியைக் காலி பண்ணி ஈர உமியைக் கொட்டிப் புது உமி போடறேன். ஈரத்தில்தான் வயித்துக் கிருமி பெருகுதாம். பழைய உமியைக் கிளறினா கண் எரியுது, மூத்திர நெடி. கொட்டிட்டு வந்து அரை மணி நேரம் எதையும் வாயில் வெக்க முடியறதில்லை. காலையில் இட்லியைத் தட்டில் பார்த்ததும் அந்த வெள்ளை எச்சம் ஞாபகம் வந்து தட்டைத் தள்ளி வெச்சுட்டேன்.

கரும்புள்ளி மட்டும் தனியா நடுங்குது. மத்ததுங்க அதை மிதிக்குதுங்க. வெறும் சூட்டுக்காகத்தான் அதை மத்தியானம் முந்தானையில் சுருட்டி மடியில் வெச்சிருந்தேன். டிவி பார்த்து முடிச்சதும் திரும்பப் பெட்டியில் விட்டுட்டேன். நவநீதன் வந்து பார்த்துட்டு போட்டோ எடுத்தான். அழிடான்னேன். அழிச்சானோ என்னவோ.

பிப்ரவரி 13, செவ்வாய்

வீடு கழுவினேன். பூஜை. சாம்பிராணி. சீக்கு அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

பிப்ரவரி 14, புதன்

இன்னும் ஒண்ணு. ஆறு. மருந்து சரியில்லை போல.

பிப்ரவரி 16, வெள்ளி

சம்பந்தியைப் பார்க்கப் போகாம இருந்தா நாளைக்கு அதுவும் ஒரு பேச்சாகும்னு காலையில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். வீடு கழுவறது, பூஜை ரெண்டும் இன்னிக்கு இல்லை. குஞ்சுகளுக்குத் தீனி வெக்க நவநீதன் லீவு போட்டான். அவன் ஜன்னல் ஒண்ணைத் திறந்து கம்பி வலை அடிச்சிருக்கிறான். பூனை வராதுங்கிறான்.

சம்பந்தி எழுந்து உக்கார்ந்திருக்கிறார். கோகிலா எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, குஞ்சுகளைப் பத்தி ஒரு மணி நேரம் விடாம கேட்டாள். எத்தனை சொட்டு, என்ன நிறத்தில் போகுது, அலகைத் திறந்து மூச்சு விடுதா. எல்லாத்தையும் நான் ஒப்பிச்சேன். மஞ்சக்கரு குடுக்கிறேன்னு சொன்னப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, கையை எடுத்துக்கிட்டேன்.

ஒண்ணு கவனிச்சேன். ஒரு தடவை கூட அவள் இருமலை. அங்கே ஆஸ்பத்திரி மருந்து நெடி, ரோட்டில் அவ்வளவு வண்டிப் புகை. பதினாலு மாசமா நம்ம வீட்டில் வெள்ளிக்கிழமையானா விடாம இருமினவள். நடிப்பு நம்மகிட்ட மட்டும்தானாட்ட இருக்குது.

பிப்ரவரி 17, சனி

ஆறும் ஓடுது. கரும்புள்ளி பெட்டி விளிம்பில் ஏறி நிக்குது. மூக்கு காய்ஞ்சிருக்கு. டாக்டரம்மா மருந்து இப்பத்தான் வேலை செய்யுது போல. தயிர் ஒரு ஸ்பூன் தீவனத்தில் பிசைஞ்சு வெச்சேன், தலை முழுக்கத் தயிரைப் பூசிக்கிட்டு நின்னுச்சுங்க. அசிங்கம் பிடிச்ச ஜென்மங்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

பின்பக்கம் எல்லாத்துக்கும் சுத்தமா இருக்கு. எச்சம் கெட்டியா, நடுவில் பழுப்பு, மேலே வெள்ளை. இதைப் பார்த்து ஒரு மனுஷி சந்தோஷப்படுவாளா? பட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வீடு கழுவினேன். சாயங்காலம் சாம்பிராணி போட்டுப் பின்அறைக்குக் கொண்டு போனேன். போன வெள்ளி விட்டுப்போனதுக்கும் சேர்த்து ரெண்டு பிடி. நவநீதன் திறந்து வெச்ச ஜன்னலைச் சாத்தினேன், புகை வீணாப் போகுதேன்னு.

அரை மணி கழிச்சு வைட்டமின் சொட்டு விடப் போனேன். கரும்புள்ளியைத் தூக்கினேன். கழுத்தை நீட்டுச்சு, அலகைத் திறந்துச்சு. கறகறன்னு அந்தச் சத்தம். அப்புறம் ஒரு சின்ன இருமல் மாதிரி. அதே மாதிரி இன்னொண்ணு. முந்தானையை வாயில் அடைச்சுக்கிட்டு இருமினா எப்படி அடங்கிக் கேக்குமோ அப்படி.

அந்தச் சத்தத்தை நான் பதினாலு மாசமாக் கேட்டிருக்கேன்.

ஜன்னலைத் திறந்தேன். கதவைத் திறந்தேன். பெட்டியோட தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து உக்கார்ந்தேன். தேதியெல்லாம் இந்த டைரியிலேயே இருக்கு. திருப்பிப் பார்த்தேன். ஆறாம் தேதி, ஒன்பதாம் தேதி, பதிமூணாம் தேதி.

பிப்ரவரி 21, புதன்

ஒண்ணு போச்சு. கரும்புள்ளி இல்லை, வேற ஒண்ணு. எது போனாலும் ஒண்ணுதான், ஆனா எழுதி வெக்கிறேன்.

மத்தியானம் கோகிலா போன். அழுதாள். "நான்தானுங்கத்தை தப்பு பண்ணிட்டேன். ஆரம்பத்தில் பெரிய குருணையைப் போட்டேன். சத்தில்லாம போயிருச்சு, அதனாலதான் எதிர்ப்பே இல்லை. பாவம், உங்களைப் போய் அதுங்க பீயெல்லாம் அள்ள வெச்சு..."

"ஆமாம், குருணை பெருசுதான். அப்படித்தான் இருக்கும்" அப்படின்னு சொன்னேன்.

சொன்னேன். இந்த வாயால். போனை வெச்சுட்டுக் குழாயடியில் போய் வாயைக் கொப்புளிச்சேன். என்னத்துக்குக் கொப்புளிச்சேன்னு எனக்கே தெரியலை.

பிப்ரவரி 23, வெள்ளி

வெறும் தண்ணியில் வீட்டைத் துடைச்சேன். விளக்கு மட்டும் ஏத்தினேன். முப்பத்தேழு வருஷத்தில், வீட்டில் இருந்துக்கிட்டே சாம்பிராணி போடாத முதல் வெள்ளி. சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கலை.

அஞ்சும் நல்லா இருக்கு.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் நவநீதன் போய்க் கோகிலாவைக் கூட்டிக்கிட்டு வந்தான். சம்பந்தியை ஆஸ்பத்திரியில் இருந்து அவர் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். கோகிலா செருப்பைக் கழட்டினதும் நேரா பின்அறைக்குத்தான் போனாள். அஞ்சையும் தரையில் விட்டு நடுவில் உக்கார்ந்துக்கிட்டாள். கரும்புள்ளி அவளை விட்டுட்டு என் காலடிக்கு வந்துச்சு. அவள் அதைப் பார்த்துச் சிரிச்சாள். அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியலை.

"கோகிலா, ஆறு குஞ்சையும் நான்தான் கொன்னேன்" ன்னேன்.

நவநீதன் வாசப்படியில் நின்னுட்டான்.

"சாம்பிராணி. செவ்வாயும் வெள்ளியும் கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டேன். பினாயிலும் ஊத்தினேன். டாக்டர் கேட்டப்போ புகையே இல்லைன்னு சொன்னேன். உன் தீவனத்தில் ஒண்ணும் தப்பில்லை. நீ அழுதப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் ஆமாம்னேன்."

அவள் குஞ்சுகளையே பார்த்துக்கிட்டு இருந்தாள். திட்டுவாள்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"போறப்போ சொல்லலாம்னுதான் இருந்தனுங்கத்தை. தாளில் கூட எழுதினேன், புகை காட்டக் கூடாதுன்னு. அப்புறம் கிழிச்சுப் போட்டு வேற தாள் எழுதினேன்."

"ஏன்?"

"முன்னாடி ஒருக்கா சொன்னதுதான் போதுமேன்னு."

"எப்போ சொன்னே? என்கிட்டயா?"

"கல்யாணமான புதுசுல. எனக்குப் புகை ஒத்துக்காது, சின்ன வயசுல இருந்து வீசிங் இருக்குதுன்னு." அவள் எழுந்துட்டாள். "விடுங்கத்தை."

அவள் அப்படி ஒண்ணும் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லை. அதை அப்படியே சொன்னேன். சரிங்கத்தைன்னாள். இங்கேயே இருன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவள் குஞ்சுகளைக் கூடையில் எடுத்து வெச்சுட்டாள். சொட்டு மருந்து, தீவனம், அந்தப் பால் குண்டான் எல்லாத்தையும் நானே பையில் போட்டுக் குடுத்தேன். புது வீட்டுக்குத்தான் போறாங்க. நவநீதன் என் முகத்தைப் பார்க்காம வண்டியை எடுத்தான்.

இதே நாள், சாயங்காலம்

அலமாரியில் இருந்து போன வருஷ டைரியை எடுத்தேன். பொய் சொல்றாளோங்கிற எண்ணத்தில்தான் எடுத்தேன், மறைக்க மாட்டேன். பிப்ரவரி 24, வெள்ளி. என் கையெழுத்து.

"மகாராணிக்கு சாம்பிராணிப் புகை ஒத்துக்கலையாம், இருமல் வருதாம். எங்க சாமிக்கு ஏத்தது உன் உடம்புக்கு ஏறலைன்னா அது உன் வளர்ப்புன்னு நல்லாக் கொடுத்தேன். கோழிப்பீயில் புரண்ட மூக்குக்கு இது நாறத்தான் செய்யும்னேன். அழுதுக்கிட்டே கொல்லைக்குப் போனாள். இனிமேல் வாய் திறக்க மாட்டாள். புளி நல்ல புளியா வந்துச்சு, கொட்டை எடுத்து உப்பு போட்டுப் பானையில் அமுக்கி வெச்சேன்."

மூணு வாரமா எத்தனை பீயை அள்ளியிருக்கேன். ஒரு தடவை கூட நிஜமா வாந்தி எடுத்தது கிடையாது. இப்போ எடுத்தேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு கோகிலாவுக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேக்கணும்னுதான் பண்ணினேன். கேக்கறதுக்குப் பதிலா டைரியை விரிச்சு அந்தப் பக்கத்தை அப்படியே படிச்சுக் காட்டினேன், புளி வரைக்கும். அந்தப் பக்கம் குஞ்சுகள் கீச்சு கீச்சுன்னு கத்தற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம், "நீங்க அன்னிக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை கூட விடலைங்கத்தை, அப்படியே எழுதியிருக்கீங்க" ன்னாள்.

"ஆமாம்."

"நான் இத்தனை நாளா நீங்க கோவத்தில் சொல்லிட்டு மறந்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தனுங்க" ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டாள்.